நானோவிஎன்ஏ எச்4: மண்ணுக்குள் பார்க்கும் ரேடார் ஆன்டெனா செய்ய இது போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆன்டெனாவை வெட்டி, ஒட்டி, சோதித்துப் பழகத்தான் ஆன்டெனா அளக்கும் இந்தக் கைக்கருவி என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். இதையே ரேடாராக மாற்றி மண்ணுக்குள் பார்க்கப்போகிறேன் என்றால் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணல் மேட்டில் ஒரு மீட்டருக்குள் இருப்பது தெரியலாம். கடலூர் சில்வர் பீச்சில் அலை நனைத்துப்போன மணலில் ஒரு சாண் ஆழம்கூடத் தேறாது. அங்கே எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கருவியும் தேறாது என்பது வேறு விஷயம்.

புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கோள்களின் தரைக்கடியைப் பார்க்கும் ரேடார் பற்றி புராஜெக்ட் எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் சிமுலேஷனோடு நின்றுவிடுகிறார்கள். திரையில் அழகான வளைவு வரும், வைவா முடியும். கையில் ஒரு தகட்டை வெட்டி மண்மேல் வைத்தால்தான் சிமுலேஷனில் எதை மறந்தோம் என்று தெரியும். அதற்கு இதுவரை தடையாக இருந்தது விஎன்ஏ, அதாவது வெக்டர் நெட்வொர்க் அனலைசர்: ஒவ்வொரு அதிர்வெண்ணாக அனுப்பி, திரும்பி வருவதையும் தாண்டிப் போவதையும் அளக்கும் கருவி. லேபில் இருக்கும் பெரிய விஎன்ஏவை வெயிலில் மணல்மேட்டுக்குத் தூக்கிப்போக எந்த லேப் பொறுப்பாளரும் விடமாட்டார். நானோவிஎன்ஏ எச்4 சட்டைப்பையில் போகும், பேட்டரியில் ஓடும், ஒரு நடுத்தர செல்போனைவிட விலை குறைவு.

பெட்டிக்குள் இருப்பது 4 அங்குலத் தொடுதிரை, இரண்டு எஸ்எம்ஏ போர்ட், ஒரு லித்தியம் பேட்டரி. கூடவே இரண்டு சிறு கேபிள், ஓப்பன், ஷார்ட், லோடு என மூன்று காலிபிரேஷன் துண்டுகள், கேபிள் முனைகளை இணைக்கும் த்ரூ ஒன்று. 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். எஸ்11 (அனுப்பிய போர்ட்டுக்கே திரும்பி வருவது), எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து மற்றதற்குப் போவது) இரண்டும்தான் வரும். மறுபக்கத்தை அளக்க வேண்டுமானால் ஆன்டெனாவைத் திருப்பி மாட்ட வேண்டும். ஆன்டெனா வேலைக்கு இது ஒரு குறையே இல்லை.

கோள் ரேடாருக்கும் இந்தக் கைப்பெட்டிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவருக்காகச் செய்த விஸ்டம் ரேடார் 500 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3 கிகாஹெர்ட்ஸ் வரை படிப்படியாக அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் திரும்பி வருவதன் வீச்சையும் கட்டத்தையும் (ஃபேஸ்) பதிவு செய்யும். பிறகு கணக்கில் அதை நேரமாக மாற்றி ஆழத்தைக் காட்டும். விஎன்ஏ செய்வதும் எழுத்துக்கு எழுத்து இதேதான். சிஎச்0 என்ற போர்ட்டில் ஒரு ஆன்டெனா, சிஎச்1 என்ற போர்ட்டில் இன்னொன்று, எஸ்21ஐச் சேமித்துத் தலைகீழ் ஃபூரியர் மாற்றம் போட்டால் அதுவே படிநிலை அதிர்வெண் ரேடார்.

முதல் பெரிய குறை: 300இல் ஒரு தையல்

விற்பவர்கள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். கருவியின் உள்ளே சிக்னல் தருவது ஒரு எஸ்ஐ5351 கடிகாரச் சில்லு. அது நேரடியாகத் தருவது சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே மூன்றாவது ஹார்மோனிக், அதாவது சில்லு தரும் அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் கூடவே வரும் துணை அலை. 900க்கு மேலே ஐந்தாவது ஹார்மோனிக். அதனால்தான் டைனமிக் ரேஞ்ச், அதாவது எவ்வளவு மங்கிய சிக்னல் வரை அளக்கலாம் என்ற எல்லை, 300 வரை 70 டெசிபெல், 900 வரை 60, அதற்கு மேலே 40 என்று படிப்படியாகச் சரிகிறது. 600 மெகாஹெர்ட்ஸில் அளக்கிறோம் என்று நீங்கள் நினைக்கும்போது போர்ட்டிலிருந்து 200 மெகாஹெர்ட்ஸும் வெளியே வந்துகொண்டிருக்கும், அதுவும் 600ஐவிட வலுவாக.

ஆன்டெனாவை மட்டும் அளக்கும்போது இதனால் தொல்லை அதிகமில்லை, சிக்னலை வாங்கும் பக்கம் சரியான அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளும். ஆம்பிளிஃபையர் போட்டவுடன் கதை மாறும். எதிரொலி மங்கலாக இருக்கிறதே என்று வாங்கும் ஆன்டெனாவுக்குப் பின்னால் ஒரு 20 டெசிபெல் ஆம்பிளிஃபையர் மாட்டினால், தேவையில்லாத அந்த 200 மெகாஹெர்ட்ஸ்தான் முதலில் அதை முட்டச்செய்யும். திரையில் இல்லாத அடுக்குகள் எல்லாம் தோன்றும். ஆம்பிளிஃபையர் கட்டாயம் வேண்டுமென்றால் முன்னால் ஒரு 300 மெகாஹெர்ட்ஸ் ஹைபாஸ் ஃபில்டர் போடுங்கள்.

அதனால் அளவை 300க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைத்துக்கொள்வது நல்லது, தையலைத் தாண்ட வேண்டாம். இங்கே எடுத்துக்கொண்டது 310 முதல் 860 வரை. 860இல் நிறுத்தியதற்குக் காரணம் செல்போன் கோபுரம். 869க்கு மேலே அதன் சிக்னல் வந்து உட்கார்ந்துவிடும், புதுச்சேரி நகரத்துக்குள் அதிலிருந்து தப்பிக்க இடமில்லை. 550 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் காற்றில் 27 சென்டிமீட்டர் ஆழப் பிரிதிறன், அதாவது இரண்டு பொருளைத் தனித்தனியாகக் காட்டத் தேவையான இடைவெளி. விடுதிறன் (ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண்) 4 உள்ள காய்ந்த மணலில் அலையின் வேகம் பாதியாவதால் 13.6 சென்டிமீட்டர்.

ஆன்டெனாவைக் காற்றில் வைத்துச் சரிசெய்வது வீண்

இந்தக் கருவியின் அருமை தெரிவது இங்கேதான். அளவுகளையும் சேர்த்தே சொல்வோம், தகட்டை எடுத்து உட்காருபவர்களுக்கு உதவும்.

போடை ஆன்டெனா என்பது இரண்டு முக்கோணங்களை மூக்கோடு மூக்கு வைத்த வடிவம். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் ஒருபக்கச் செம்புள்ள எஃப்ஆர்4 (சர்க்யூட் போர்டு) தகடு ஒன்று போதும், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒவ்வொரு முக்கோணமும் 14.5 சென்டிமீட்டர் உயரம், 29 சென்டிமீட்டர் அடிப்பக்கம், மூக்கில் 90 பாகைக் கோணம். நடுவில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி. செம்புப் பக்கம் மேலே, எஃப்ஆர்4 பக்கம் மண்ணைத் தொட்டு. செம்பைக் கீழே வைத்தால் ஈர மண் மூக்கிடைவெளியை ஷார்ட் ஆக்கிவிடும். செம்பு டேப்பில் ஒட்டிச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டேப்புக்கு டேப் சேரும் இடத்தில் பசை மின்சாரத்தைக் கடத்தாது, ஒவ்வொரு சேர்மானத்திலும் சால்டர் வைத்தாக வேண்டும்.

இரண்டு முக்கோணங்களும் சேர்ந்த 29 சென்டிமீட்டர் நீளம் எங்கிருந்து வந்தது? 300 மெகாஹெர்ட்ஸுக்குக் காற்றில் அரை அலைநீளம் 50 சென்டிமீட்டர். ஆனால் ஆன்டெனா மண்மேல் கிடக்கிறது, அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் மண். மண்ணின் விடுதிறன் 5 என்றால் ஆன்டெனா உணர்வது இரண்டுக்கும் சராசரி, அதாவது 3. அதன் வர்க்கமூலம் 1.73. ஐம்பதை அதால் வகுத்தால் 29. இதை மறந்து காற்றுக்கு 50 சென்டிமீட்டர் வெட்டி மண்மேல் வைத்தால் ஒத்ததிர்வு 173 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

இம்பீடன்ஸுக்கும் (மின்மறுப்பு) இதே கதை. 90 பாகைப் போடைக்கு, முனையில்லாமல் நீண்டுகொண்டே போவதாக வைத்துக்கொண்டால், காற்றில் 188 ஓம். மேலே சொன்ன மண்மேல் 188ஐ 1.73ஆல் வகுத்து 109 ஓம். கேபிள் 50 ஓம். இரண்டையும் பொருத்த நடுவில் பேலன் என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். காற்றுக்கு 4:1 பேலன் பொருத்தம், மண்ணுக்கு 2:1. இணையத்தில் பார்த்துச் செய்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 4:1 போட்டுவிடுகிறார்கள். மண்மேல் அது 109ஐ 27 ஆக்கும், திரும்பி வரும் இழப்பு (ரிட்டர்ன் லாஸ், கூடினால் நல்லது) 10.6 டெசிபெல்லில் நின்றுவிடும். 2:1 போட்டால் 54.5 ஓம், பிரச்சினை தீர்ந்தது. பேலனுக்கு 43 வகை ஃபெரைட்டில் கம்பி சுற்றினால் 300க்கு மேலே அது சூடாவதற்குத்தான் உதவும். 860 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் எஸ்எம்டி டிரான்ஸ்ஃபார்மரே இதற்குச் சரி. வாங்கியதும் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து எஸ்21 பாருங்கள். காட்டும் இழப்பில் பாதிதான் ஒன்றினுடையது. இந்த ஒரு சோதனைக்கே கருவியின் விலையில் கால்வாசி வசூலாகிவிடும்.

இப்போது தகட்டை எடுத்துக்கொண்டு மண்ணுக்குப் போகலாம். எஸ்11ஐத் திரையில் வைத்துக்கொண்டு ஆன்டெனாவை முதலில் மண்மேல் படுக்க வையுங்கள். பிறகு கீழே தெர்மாகோல் துண்டுகளைச் சேர்த்து 2, 5, 10, 20 சென்டிமீட்டர் என்று தூக்கிக்கொண்டே வாருங்கள். எஸ்11 வளைவில் ஒத்ததிர்வைக் காட்டும் பள்ளம் வலப்பக்கம் நகரும். பெரும்பகுதி நகர்வு முதல் சில சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடும், அதற்குப்பின் வளைவு லேசாக நெளியும், அவ்வளவுதான். அதாவது மண்ணோடு ஒட்டியிருக்கும்போது கிடைக்கும் லாபம் ஒரு விரற்கடை இடைவெளியிலேயே போய்விடுகிறது. புல்மேல் வைத்தாலே போய்விடும்.

பெர்சிவரன்ஸ் ரோவரின் ரிம்ஃபாக்ஸ் ரேடார் ஆன்டெனா செவ்வாய்த் தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்குவதன் பொருள் இந்தச் சோதனையைச் செய்தால் விளங்கும். ரோவர் கல்லில் முட்டாமல் ஓட வேண்டும், ஆன்டெனாவை மண்ணில் தேய்த்துக்கொண்டு போக முடியாது. விலை என்ன? விடுதிறன் 4 உள்ள தரையின் மேற்பரப்பிலேயே வீச்சில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். அந்தப் பெரிய எதிரொலி, அதற்கடுத்து வரும் மேலடுக்கின் சின்ன எதிரொலியை மறைக்கும். லாபம் என்ன? மண் மாறினாலும் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் மாறாது. 150 முதல் 1200 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே ஆன்டெனாவில் ஓட்ட வேண்டியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

கேபிளைத் தொட்டுப் பாருங்கள்

அளந்துகொண்டிருக்கும்போது கேபிளை இரண்டு விரலால் பிடியுங்கள். திரையில் பள்ளம் துள்ளினால் உங்கள் ஆன்டெனாவில் கேபிளும் சேர்ந்துவிட்டது என்று பொருள். பேலன் சரியில்லாமல் கேபிளின் வெளியுறையில் மின்சாரம் ஓடுகிறது. அந்த உறை வழியாகக் கருவியும், அதைப் பிடித்த கையும், கையோடு ஆளும் ஆன்டெனாவில் பங்காளிகள். ஆன்டெனா மூக்கிலிருந்து ஆரம்பித்துக் கேபிள்மேல் ஐந்தாறு ஃபெரைட் மணிகள் கோத்துப் பாருங்கள், துள்ளல் அடங்கும். அடங்கவில்லையென்றால் பேலனை மாற்றுங்கள். கேபிளை ஆன்டெனாவுக்குச் செங்குத்தாக மேல்நோக்கி எடுப்பதும் முக்கியம், தகட்டோடு படுக்கவைத்து இழுக்காதீர்கள்.

இது சின்ன லேப் சமாச்சாரம் இல்லை. செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டரில் உள்ள ஷராட் ரேடாருக்கு 10 மீட்டர் டைபோல், 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ், 10 வாட். மற்றக் கருவிகளுக்குத் தரை தெரியும் பக்கம் தேவைப்பட்டதால் இந்த டைபோலுக்குப் பின்பக்கத்தில் இடம் கிடைத்தது. கலத்தின் உடலே அலையை மறைத்தது, குலைத்தது. பல ஆண்டுகள் 28 பாகை வரை கலத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு 120 பாகை, கிட்டத்தட்டக் குப்புறவே கவிழ்த்த பிறகு சிக்னல் பல மடங்கு வலுத்தது. 2013 டிசம்பரில் நிலவில் இறங்கிய சீனாவின் யூட்டு ரோவரின் 60 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாக்களுக்கும் இதே வம்பு. ரோவரின் உலோக உடம்பே எதிரொலியில் கலந்துவிட்டதால் ஆழத்தில் தெரிந்தது அடுக்கா, ரோவரின் எதிரொலியா என்று ஆய்வாளர்கள் விவாதித்தார்கள். கேபிளைத் தொட்டால் துள்ளும் வளைவை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு இதெல்லாம் ஆச்சரியமாக இருக்காது.

அடுத்தது மணியடிப்பு. போடையின் முனைக்குப் போன மின்சாரம் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வரும். நேரத் திரையில் முதல் துடிப்புக்குப் பின்னால் வால் நீளும், ஆழம் குறைந்த எதிரொலிகள் அந்த வாலுக்குள் புதைந்துவிடும். மருந்து, முனையை நோக்கிக் கூடிக்கொண்டே போகும் தடை. வூ, கிங் இருவரும் 1965இல் எழுதிய வழி இது: மிச்சமிருக்கும் நீளம் குறையக் குறைய, அதற்கு எதிர்விகிதத்தில் தடை ஏற வேண்டும். நம் தகட்டில் மூக்கிலிருந்து 7.2, 10.1, 13 சென்டிமீட்டரில் குறுக்கே மெல்லிய கீறல் போட்டு, ஒவ்வொரு கீறலிலும் ஐந்து எஸ்எம்டி ரெசிஸ்டர்களை இணையாக வையுங்கள். முதல் கீறலுக்கு 120 ஓம், இரண்டாவதற்கு 220, மூன்றாவதற்கு 560. மொத்தத்தில் 24, 44, 112 ஓம் வரும். தொடங்குவதற்கு இது போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கீறல் முழுக்க வெட்டியிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள், ஒரு மயிரிழைச் செம்பு மிஞ்சினாலும் ரெசிஸ்டர்களுக்கு வேலையில்லை.

ரெசிஸ்டர் வைத்ததும் எஸ்11 அருமையாகிவிடும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகத் தொலைகிறது, அதனால்தான் எதுவும் திரும்பி வரவில்லை. 50 ஓம் லோடுக்கும் எஸ்11 அருமையாகத்தான் இருக்கும், அது ஆன்டெனா ஆகிவிடாது. எஸ்11 மட்டும் காட்டி ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று சொல்லும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றிலும் இந்த ஓட்டை உண்டு. இரண்டு ஆன்டெனாக்களை எதிரெதிரே ஒரு மீட்டரில் நிறுத்தி எஸ்21உம் பாருங்கள், ரெசிஸ்டருக்கு முன்னும் பின்னும். எவ்வளவு இழந்தோம் என்பது அங்கேதான் தெரியும்.

சுற்றுக்கலங்களில் இந்த ஆடம்பரம் முடியாது, வாட் ஒவ்வொன்றும் சூரியத் தகட்டிலிருந்து வர வேண்டும். செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் மார்சிஸ் ரேடாருக்கு 1.8 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை நான்கு பட்டைகள், ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்ஸ் அகலம். 40 மீட்டர் டைபோலின் அரை அலை 3.75 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நீளத்தை மடித்துக் கொண்டுபோய் விரிப்பது தனி வித்தை. 2005 மே மாதம் முதல் 20 மீட்டர்க் கம்பு விரிந்தபோது 13 துண்டுகளில் பத்தாவது பூட்டிக்கொள்ளவில்லை. கலத்தைத் திருப்பி அந்தப் பக்கத்துக்கு வெயில் காட்டியதும் குளிரில் விறைத்திருந்த துண்டு நிமிர்ந்தது. வியாழனுக்குப் போகும் ஜூஸ் கலத்தின் 16 மீட்டர் ரைம் ரேடார் ஆன்டெனாவும் 2023இல் ஒரு சிறு ஊசியால் மாட்டிக்கொண்டது. வெயில் காட்டியும் உலுக்கியும் பார்த்து, கடைசியில் பக்கத்திலிருந்த பூட்டு விடுவிப்பானை இயக்கிய அதிர்ச்சியில்தான் மே 12 அன்று விடுபட்டது.

ரேடாராக ஓட்டுவது

இரண்டு ஒரே மாதிரி ஆன்டெனாக்கள், நடுவுக்கு நடு 40 சென்டிமீட்டர், இணையாக ஒரு பலகையில் பூட்டி வையுங்கள். இடைவெளி மாறினால் எல்லா அளவும் பாழ். கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகு, கேபிள் முனையில் காலிபிரேஷன் செய்யுங்கள். வரிசை ஓப்பன், ஷார்ட், லோடு, பிறகு ஐசொலேஷன், த்ரூ. 310 முதல் 860 வரை என்று எல்லையைப் போட்ட பிறகுதான் காலிபிரேஷன். எல்லையைப் பிறகு மாற்றினால் கருவி இருக்கிற புள்ளிகளிலிருந்து ஊகித்துக்கொள்ளும், அந்த ஊகம் நேரத் திரையில் பொய் எதிரொலியாக வரும்.

401 புள்ளி வையுங்கள். 101இலும் காய்ந்த மணலில் 13 மீட்டருக்கு மேல் குழப்பமில்லாத எல்லை கிடைக்கும், ஆழத்துக்காக 401 தேவையில்லை. புள்ளி கூடினால் கணக்கில் இரைச்சல் அடங்கும் என்பதற்காகத்தான். ஐஎஃப் அகலத்தை (கருவி ஒவ்வொரு புள்ளியிலும் கேட்கும் பட்டையின் அகலம்) 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் இரைச்சல் 10 டெசிபெல் இறங்கும், நேரம் பத்து மடங்காகும். பலகையை நகர்த்தி நகர்த்தி ஐம்பது இடத்தில் எடுப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

கோப்பை லேப்டாப்பில் ஏற்றி ஹான் சாளரம் (பட்டையின் இரு ஓரங்களையும் மங்கச்செய்யும் பெருக்கல்) போட்டு, 2048 புள்ளிக்குச் சுழியம் சேர்த்துத் தலைகீழ் ஃபூரியர் போடுங்கள். பைத்தானில் பத்து வரிதான். கருவியின் திரையிலேயே நேர மாற்றம் இருக்கிறது, விரைவாகப் பார்க்க அது போதும். ஆனால் அது காட்டும் தூரத்தை எடுத்துக்கொள்ளாமல் நேரத்தைப் படித்து நீங்களே கணக்கிடுங்கள். உதாரணமாக 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. போய்வரும் சாய்வான பாதை 1.08 மீட்டர், மணலில் வேகம் நானோ விநாடிக்கு 15 சென்டிமீட்டர், ஆக 7.2 நானோ விநாடி. ஆன்டெனாவிலிருந்து ஆன்டெனாவுக்கு மண்ணின் மேல்தோல் வழியாகவே நேராகப் போவது 2.7இல் வரும். இந்த நேரடி அலை எதிரொலியைவிடப் பல மடங்கு பெரியது. தட்டைப் புதைக்கும் முன் ஒரு அளவு, புதைத்தபின் ஒரு அளவு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதே வழி. வீச்சை மட்டும் கழித்தால் பயனில்லை, கட்டத்தோடு சேர்த்துச் சிக்கலெண்ணாகக் கழிக்க வேண்டும். தோண்டிய குழியே ஒரு எதிரொலி தரும், ஆகவே முதல் அளவையும் குழி தோண்டி மூடிய பிறகே எடுங்கள்.

ஆட்கள் இரண்டு மூன்றடி தள்ளி நில்லுங்கள். இந்த ஆன்டெனாவுக்கு மேல்பக்கக் கவசம் இல்லை, தலைக்கு மேலே தென்னையும் மின்கம்பியும் மண்ணுக்குள் இருப்பதுபோலவே தெரியும். பலகையைத் தூக்கிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: மண்ணுக்குள் இருப்பது மங்கும், காற்றில் இருப்பது அப்படியே நிற்கும்.

எவர்சில்வர் தட்டு தெரிந்ததும் வெற்றி என்று கொண்டாட வேண்டாம். உலோகம் வந்ததையெல்லாம் திருப்பி அனுப்பும் நல்ல பிள்ளை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கடலூர் மணற்கல்லுக்குள் கிடக்கின்றன. அப்படி ஒரு கல்மரம் மண்ணுக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மரத்தின் விடுதிறன் 4.5, சுற்றியுள்ள கல் 5 என்றால் திரும்பும் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 32 டெசிபெல் கீழே. செவ்வாயின் அடுக்குகளும் இந்த மாதிரிதான், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சின்ன வேறுபாடு. 60 டெசிபெல் எல்லையுள்ள கருவியில் நேரடி அலைக்கும் மண்ணின் இழப்புக்கும் போக இந்த 32க்கு மிச்சம் எதுவுமில்லை. திருவக்கரை புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அரிக்கமேடு தொல்லியல் துறையினுடையது. அனுமதியில்லாமல் எங்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மண்வெட்டியை அறவே கூடாது.

எங்கே சோதிக்கலாம்

தேவனாம்பட்டினம் பக்கம் கடற்கரையிலேயே மூன்று பாடம் கிடைக்கும். கரைக்கு மேலே காய்ந்த மணலில் ஆன்டெனா கணக்குப்படி நடக்கும். பத்தடி இறங்கினால் உப்புநீர் ஊறிய மணல், பள்ளம் அகன்று தட்டையாகிவிடும், எதிரொலி இல்லை. கடல்நீரில் 300 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரிரு சென்டிமீட்டரிலேயே மூன்றில் ஒரு பங்காகிவிடும். மூன்றாவது, காய்ந்த மணலுக்குள் கீழே இருக்கும் நீர்மட்டம். நீரின் விடுதிறன் 80 என்பதால் அது கண்ணாடிபோல் எதிரொலிக்கும், தட்டே தேவையில்லை. பாகூர்ப் பக்கத்து வயல் களிமண் வேண்டாம், கோடையில் வெடிப்பு விட்டுக் காய்ந்தாலும் களி அலையைக் குடித்துவிடும். பொம்மையார்பாளையம் பக்கச் செம்மண் நடுத்தரம். நெய்வேலி நிலக்கரி தெரியுமா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். அது பல பத்து மீட்டர் மணற்கல்லுக்கும் நிலத்தடி நீருக்கும் கீழே கிடக்கிறது, இந்த வகை ரேடாருக்கு எட்டாது. செவ்வாயின் துருவத்தில் ஷராட் கிலோமீட்டர்க்கணக்கில் பார்ப்பது, அங்கே இருப்பது விடுதிறன் 3.1 உள்ள, உறைந்த, உப்பற்ற பனி என்பதால்தான்.

இனிச் சில்லறைக் குறைகள். பகல் பத்து மணிக்கு மேல் கடற்கரை வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது. அட்டைப்பெட்டியை ஒருபக்கம் வெட்டி மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் நானோவிஎன்ஏ சேவர் மென்பொருளில் பாருங்கள். மேலே உள்ள உருட்டுப் பொத்தான் மணல் புகுந்தால் தானாக ஓடும். கூட வரும் கேபிள் குட்டை, ஒரு மீட்டர் கேபிள் இரண்டு தனியாக வாங்கியாக வேண்டும். சந்தையில் நகல்கள் ஏராளம். மிக்சர்மேல் உலோக மூடி இல்லாத நகலில் சிஎச்0இலிருந்து சிஎச்1க்கு உள்ளுக்குள்ளேயே கசியும். இரண்டு போர்ட்டிலும் லோடு மாட்டி எஸ்21 பாருங்கள், 300க்குக் கீழே 70 டெசிபெல் பக்கம் இறங்காவிட்டால் அன்றே திருப்பிவிடுங்கள்.

விஸ்டம் போல விவால்டி ஆன்டெனா செய்து 3 கிகாஹெர்ட்ஸ் வரை போக நினைப்பவர்களுக்கு எச்4 வேண்டாம். நானோவிஎன்ஏ வி2 எடுங்கள். அதில் 140 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தனிச் சில்லு நேரடியாக அதிர்வெண் தருகிறது, ஹார்மோனிக் தையல் தொல்லை இல்லை, 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். கல்லூரிக்கு ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் கூடக் கொடுத்து வி2. மாணவர் சொந்தக் காசில் வாங்குவதென்றால் எச்4.

எஸ்எம்ஏவைத் திருகும்போது நட்டை மட்டும் சுற்றுங்கள். கேபிளைப் பிடித்து முழுதாகச் சுற்றினால் நடு ஊசி தேய்ந்து காலிபிரேஷன் மாதம் முடிவதற்குள் ஆட்டம் காணும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் போர்ட்டுகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். ஒரு ராத்திரி உப்புக்காற்றில் திறந்து கிடந்தால் மறுநாள் காலை த்ரூவில் எஸ்21 வளைவு நடுங்கும்.